சரசு வீட்டு ஈரல்

போன மாதம், எங்கள் பழைய கிளினிக்கில் இப்போது வேலை செய்யும் பெண் ஒருத்தி என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று தலைப்பு. பச்சை முட்டை, பாதி வெந்த மீன் என்று ஓரமாக என்னென்னவோ இருந்தன. நட்டநடுவில் ஒரு தட்டு நிறைய ஈரல். அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே எழுதியிருந்தாள்: "மிஸ்ஸி, இப்ப ஈரல் அதிகமா வேணாம்னு சொல்றோம். வைட்டமின் ஏ ஓவராப் போயிடுமாம். நீங்க அந்தக் காலத்துல எப்படிச் சமாளிச்சீங்கன்னு எங்க கூட்டத்துல வந்து கொஞ்சம் பேசுறீங்களா?"

படத்தைப் பெரிதாக்கி ஒரு முறை பார்த்தேன், சின்னதாக்கி ஒரு முறை பார்த்தேன். என் வேலைக்காலம் முழுவதையும் ஒரே குறியில் அடித்துவிட்டார்கள்.

மேடை ஏறினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வேலை என்று நான் செய்ததில் பாதி, சாப்பிட்டதுதான்.

மலேசியாவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே, நெல் வயலும் செம்பனை என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டமும் மாறி மாறி வரும் பகுதியில் அரசாங்கத் தாதியாக இருந்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தாதியை யாரும் தாதி என்று சொல்வதில்லை, மிஸ்ஸிதான். எனக்கு அதோடு ஓர் அடைமொழியும் சேர்ந்தது. ஈரல் மிஸ்ஸி. சபாக் ஊர் வரைக்கும் அந்தப் பெயர் பரவியிருந்தது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், எனக்கு ஈரல் ஆகாது. நான் பிறந்த வீட்டில் நடப்பது, ஊர்வது, மரத்தில் தலைகீழாகத் தொங்குவது எல்லாமே சட்டிக்கு வரும். அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்துவிட்டுக் கண்ணி வைக்கப் போனால் எதையாவது தூக்கிக்கொண்டுதான் திரும்புவார். நான் மட்டும் ரசம் சோறும் அப்பளமும். "இது ஆஸ்பத்திரியில மாறிப் போச்சு போல, நம்ம புள்ளையே இல்ல" என்று அண்ணன்கள் கேலி செய்வார்கள். மற்ற கறியைக் கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்துவிடுவேன். ஈரல் வதங்கும் வாடை வந்தால் கொல்லைப்பக்கம் ஓடியே போய்விடுவேன்.

பயிற்சிக் காலத்தை விரிவாக எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். படுக்கை விரித்தேன், ஊசி போட்டேன், திட்டு வாங்கினேன், குளியலறையில் அழுதேன், தேறினேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இரும்புச் சத்து மிகுந்த உணவு எது என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். ஈரல் என்று எழுதினேன். எழுதும்போதே குமட்டியது.

வேலையில் சேர்ந்த இடத்தில் எனக்கு மேலே இருந்தவர் சிஸ்டர். கிளினிக்குக்குப் பொறுப்பான மூத்த தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி என்ற தோட்டத்துக் குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சை விடவில்லை. சுத்த சைவம். வெள்ளைச் சீருடையில் ஒரு சுருக்கம் இருக்காது. குரல் உயராது. நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். நம்மிடம் எதற்குப் பதில் இல்லையோ, அந்தக் கேள்வியாகப் பார்த்துக் கேட்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லும் முன்பே கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவார். கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, சோதனைக்கு வந்த பெரிய டாக்டருக்கும் அதே மரியாதைதான். மருந்துப் பெட்டி இறக்கும் லோரிக்காரர் கடைசியில், தானே இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்.

நான் முதன்முதலாகத் தோட்டத்துக்குக் கிளம்பிய அன்று சிஸ்டர் சொன்னார்: "பிள்ளை, அங்கை குடுக்கிறதை வேண்டாமெண்டு சொல்லாதையும். இண்டைக்கு நீர் கையை நனைக்காமல் வந்தீரெண்டால் நாளைக்கு அவை கதவைத் திறக்க மாட்டினம்."

தான் சைவம் என்று சொல்லி அவர் எல்லா வீட்டிலும் வாழைப்பழத்தோடு தப்பித்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் வீட்டிலேயே மாட்டினேன். கர்ப்பமாக இருந்த பெண்ணிடம் வாரம் ஒரு தடவையாவது ஈரல் சாப்பிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்களுக்குச் சொல்றீங்களே, நீங்க திம்பீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டாள். "ஐயோ, எனக்கு ரொம்பப் பிடிக்குமே" என்று சொன்னேன். அன்றைக்குப் பிடித்தது சனி. அடுப்பில் கோழி ஈரல் இருந்திருக்கிறது. தட்டில் வைத்து என் முன்னால் நீட்டிவிட்டாள்.

வாயால் மூச்சு விட வேண்டும், துண்டை நாக்கில் படாமல் உள்ளே தள்ள வேண்டும், உடனே ரசத்தைக் குடிக்க வேண்டும். மாத்திரை விழுங்குவது மாதிரிதான். விழுங்கி முடித்ததும் சிரிக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

தோட்டத்தில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கஷாயம் கொதிக்கும். அடுத்த முறை என் கப்சாய் மோட்டார் சைக்கிள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டிலிருந்தும் அந்த வாடை வந்தது. எனக்குத் தலை சுற்றினாலும் மனத்துக்குள் பெருமை. நான் சொன்னதை இந்தப் பெண்கள் எப்படிக் கேட்கிறார்கள் பார் என்று நினைத்துக்கொண்டேன். கிளினிக்குக்குத் திரும்பி, வீட்டுக்கு வீடு ஈரல் சமைக்கிறார்கள் என்று சிஸ்டரிடம் பெருமையடித்தேன். சிஸ்டர் கேட்டார்: "அப்ப ஏன் ஒருத்தருக்கும் ரத்தம் கூடேல்லை?"

ஈரல் தின்கிற மிஸ்ஸி எதையும் தின்பார் என்று ஆண்களும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆட்டுக் குடல் வந்தது, மூளை வந்தது, ரத்தப் பொரியல் வந்தது. கோழி என்று நினைத்து ஒரு வீட்டில் பாதி சாப்பிட்ட பிறகு, உடும்பு முதுகுக்கு நல்லது என்றார்கள். எனக்குச் சளி பிடித்திருந்த ஒரு வாரம் பெரிய வவ்வால் அடித்து வைத்திருந்தார்கள். வவ்வாலைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. இப்போது சட்டப்படி அது குற்றம். சமையல்படி அன்றைக்கே குற்றம்தான்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் சரசு எங்கள் கிளினிக்குக்கு வந்தாள்.

சரசு செம்பனைக்குலை வெட்டும் ராஜுவின் மனைவி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றபோது ரத்தம் நிற்காமல் போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்திருந்தார்கள். இப்போது மூன்றாவது. சிஸ்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போன முறை மாதிரி இந்த முறையும் ரத்தம் போச்சுதெண்டால் இந்த உடம்பு தாங்காது. பிள்ளை பிறக்கிறதுக்கு முதல் ரத்தத்தை ஏத்த வேணும். இவ உம்முடைய பொறுப்பு."

சொன்னது அவ்வளவுதான். அதுவரை எந்த உயிரையும் யாரும் என் பொறுப்பில் விட்டதில்லை.

இரும்பு மாத்திரையைச் சரசுவின் வயிறு ஏற்கவில்லை. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், "ரெண்டையும் யாருகிட்ட வுட்டுட்டுப் போறது மிஸ்ஸி? அவரு விடிய முன்ன காட்டுக்குப் போயிடுறாரு" என்றாள். சாப்பாட்டை விட்டால் வேறு வழியில்லை. வாரந்தோறும் அவள் வீட்டுக்குப் போனேன்.

ரத்தம் பார்ப்பது அந்தக் காலத்தில் ஒரு சின்னப் பூஜை. இப்போது போலப் பொத்தானை அமுக்கினால் எண் வராது. விரல் நுனியைக் குத்தி, வருகிற முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, இரண்டாவது சொட்டை மெல்லிய கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்ச வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதை அமிலத்தில் விட்டால் கறுத்துத் தேநீர் நிறமாகும். பக்கத்தில் நிற்கும் மாதிரிக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். நல்ல ரத்தம் நிறையத் தண்ணீர் கேட்கும். சரசுவின் ரத்தம் சில சொட்டிலேயே போதும் என்றுவிடும். குழாயை வெளிச்சத்தில் பிடித்து, மனசுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு இன்னொரு சொட்டு விடுவேன். வெளுத்துவிடும்.

இத்தனைக்கும் நான் போகும் போதெல்லாம் அவள் வீட்டில் ஆட்டீரல் மிளகு வறுவல் தயாராக இருந்தது. கோழி ஈரல்கூட இல்லை, ஆட்டீரல். ராஜு தஞ்சோங் காராங் பசாருக்குப் போய் வாங்கி வருகிறார் என்றாள். வாசலில் வண்டியை நிறுத்தியதுமே நான் கேட்பது, "ஈரல் வாங்கினியா சரசு?" என்பதுதான். "இருக்கு மிஸ்ஸி, உள்ள வாங்க" என்பாள். தட்டு நிறைய வைப்பாள். அவளுக்கு முன்மாதிரி காட்ட வேண்டும் என்று ஆகா ஓகோ என்று நாக்கைச் சப்புக்கொட்டி, தட்டை வழித்துத் தின்றுவிட்டு வருவேன். திரும்புகிற வழியில், வயல் வரப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வேன்.

வயிறு பெரிதானது. ரத்தம் ஏறவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் சிஸ்டரிடமே போய், என்னால் முடியவில்லை, நீங்களே வந்து பாருங்கள் என்றேன். மறுவாரம் காலையில் அவரும் என்னோடு வந்தார்.

சரசு பாய் விரித்தாள். சிஸ்டருக்கு வாழைப்பழம், எனக்கு ஈரல். நான் என் வேலையை ஆரம்பித்தேன். சரசு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சிஸ்டர் பழத்தை உரித்துக்கொண்டே அவளைத்தான் பார்த்தார். முந்தானை நுனியால் மூக்கை மூடியிருந்தாள். அத்தனை வாரத்தில் நான் அதைக் கவனித்ததில்லை. விழுங்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.

"நீர் சாப்பிடேல்லையோ?" என்று சிஸ்டர் கேட்டார்.

"மிஸ்ஸி சாப்புடட்டும் சிஸ்டர். நான் அப்புறமா."

சிஸ்டர் எழுந்து போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கினார். சுத்தமாகக் காலி. வறுத்ததெல்லாம் என் தட்டில்தான் இருந்தது. திரும்பி வந்து முதலில் என் இமையை இழுத்தார், பிறகு அவள் இமையை.

"இவவின்ரை கண் செம்பருத்திப்பூ. உம்மடை கண் வெள்ளைச் சீலை. இத்தனை நாளும் ஈரல் ஆரின்ரை வயித்துக்குப் போச்சுது?"

சரசு திகைத்தாள். "அது மிஸ்ஸிக்கு வாங்குனதுதான சிஸ்டர்? மிஸ்ஸிக்கு ஈரல்னா உசுரு. வண்டிய நிப்பாட்டுறதுக்குள்ள ஈரல் இருக்கா, ஈரல் வாங்குனியான்னு கேப்பாங்க. கல்யாணம் ஆவாத புள்ள, ஆசப்பட்டத ஆக்கிக் குடுக்க ஆளு இல்ல போலன்னு நெனச்சோம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் செய்யுறாங்க. எனக்கு அந்த வாடையே ஆவாது சிஸ்டர். மூக்கக் கட்டிக்கிட்டுத்தான் வறுப்பேன்."

என் வாயில் ஒரு துண்டு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு வழியாக உள்ளே தள்ளிவிட்டு, "எனக்கும் ஆவாது சரசு" என்றேன்.

"என்னாது?"

"சின்ன வயசுலேருந்தே ஆவாது. வாடை வந்தா ஓடிருவேன்."

"அப்பறம் ஏன் மிஸ்ஸி தட்ட வழிச்சி வழிச்சித் தின்னீங்க?"

"நீ தின்னணும்னுதான்."

"நல்லா இருக்குலா கத!" என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் வாழைப்பழத்தைக் கடைசி வரை சாப்பிட்டு முடித்தார். தோலை மடித்து ஓரமாக வைத்தார். "இரண்டு பேரும் நல்ல மரியாதைக்காரர்தான். இந்த மரியாதையிலை ஓர் உயிர் போகப் போகுது" என்றார்.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றுமில்லை. எந்த வீட்டிலும் இனிமேல் நான் கை நனைக்கக் கூடாது, சரசு சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். சரசு அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டுத் தான் தின்பதா, அது என்ன குடும்பம் என்றாள். கடைசியில் சிஸ்டர்தான் இறங்கி வந்தார். எனக்கு ஒரு துண்டு, அவளுக்கு மிச்சம் எல்லாம்.

ஆகவே வாரா வாரம், அடுப்படியில் நானும் சரசுவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவள் எண்ணுவாள். அவள் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். என்னைப் பார்த்து அவளுக்கு வரும். சிரித்தால் உள்ளே போனது வெளியே வந்துவிடும் என்று இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். ராஜு ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார். அடுத்த வாரம் அவரே ஒரு யோசனை சொன்னார். ஆட்டின் மண்ணீரலைக் கசாப்புக்காரர்கள் சுவரொட்டி என்பார்கள். அதைத் தணலில் சுட்டு உப்பைத் தொட்டுக்கொண்டால் வாடை தெரியாது என்றார். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும், அதற்கும் முன்கூட்டியே சொல்லி வைத்த ஆட்கள் இருப்பார்கள். மனிதர் கசாப்புக்காரரிடம் எப்படிக் கெஞ்சினாரோ தெரியாது, கொண்டுவந்துவிட்டார். சரசு அதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். எனக்கு வைத்த ஒரு துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கறியையும் விட்டுக்கொடுத்ததில்லை.

குழாயில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போக ஆரம்பித்தது. ஏறுகிறது என்று கிளினிக்கில் ஓடிவந்து சொன்னேன். "ஏறுது. ஆனால் இது காணாது, இன்னும் வேணும்" என்றார் சிஸ்டர்.

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. நாள் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. மதியம், நான் வேறொரு தோட்டத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். சரசுவைத் தோட்டத்து வண்டியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னார். போட்டது போட்டபடி கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். அவளுக்கு ஏற வேண்டியதை வாரா வாரம் உட்கார்ந்து வழித்துத் தின்றவள் நான். வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. நஞ்சுக்கொடி முழுதாக வரவில்லை. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ராஜு குலை வெட்டப் போன அதே சட்டையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். அவள் ரத்தப் பிரிவில் அங்கே இருந்தது போதவில்லை. கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தத்தோடு வண்டி கிளம்பிவிட்டது, வந்து சேர வேண்டும் என்றார்கள். அதுவரை தாங்க வேண்டும்.

சிஸ்டர் எனக்கு முன்பே வந்திருந்தார். "உமக்கு என்ன பிரிவு?" என்று கேட்டார். சொன்னேன். ஒரே பிரிவுதான். அவர் என் முழங்கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இவவிட்டை எடுங்கோ டாக்டர். யோசிக்க வேண்டாம். கணக்குப்படி இது சரசுவுக்குச் சேர வேண்டிய ரத்தம்தான்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்க நேரமும் இல்லை. பொருத்தம் பார்த்தார்கள், படுக்க வைத்தார்கள். பை நிறைவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் உடம்பில் அதுவரை ஓடியதில் எது என்னுடையது, எது ராஜு பசாரில் வாங்கியது என்று எனக்கே தெரியவில்லை. கடவுளே, அவள் தின்னாததெல்லாம் இதில் இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பை உள்ளே போயிற்று. நஞ்சுக்கொடியை எடுத்தார்கள். கிள்ளான் வண்டியும் வந்து சேர்ந்தது. ரத்தம் நின்றது.

மறுநாள் காலையில் போனேன். குழந்தை பக்கத்தில் துணிக்குள் சுருண்டு கிடந்தது. சரசு வெளுத்துப்போய், ஆனால் கண் திறந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் காலையிலேயே வந்து, யாருடைய ரத்தம் ஏற்றப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரசு மெதுவாகக் கையை நீட்டினாள். என் முழங்கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும் வந்தது. பிறகு மூக்கைச் சுளித்தாள்.

"அதானே பாத்தேன் மிஸ்ஸி. கண்ணு முழிச்சதுலேருந்து வாயெல்லாம் ஒரே ஈரல் வாடை."